மலையகத்தில் அமெச்சூர் கொல்ஃப் சங்கம்: ஹேண்டிகேப் பதிவேடு முதல் கணக்கு முடிப்பு வரை

மலையகத்தில் கொல்ஃப் என்றதும் முதலில் நினைவுக்கு வருபவை இரண்டு மைதானங்கள். ஒன்று, 1889இல் தொடங்கிய நுவரெலியா கொல்ஃப் கழகத்தின் மைதானம். ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில், நகரத்துக்குள்ளேயே, மரங்களுக்கும் ஓடைகளுக்கும் இடையில் ஒடுங்கிய ஃபெயார்வேக்களோடு (குழியை நோக்கிப் போகும் புல் வெட்டிய பாதைகள்) கிடக்கிறது. மற்றது திகண பக்கம், விக்டோரியா நீர்த்தேக்கத்தை ஒட்டி டொனால்ட் ஸ்டீல் வடிவமைத்த பார் 73 மைதானம் (பார் என்பது தேர்ந்த ஆட்டக்காரருக்கு எதிர்பார்க்கப்படும் அடிகளின் எண்ணிக்கை). அங்கே சூடு அதிகம், காற்றும் அதிகம்.

இந்த இரண்டிலும் ஆடுபவர்கள் ஒரே மாதிரியானவர்கள் அல்லர். கழக அங்கத்தவர், தோட்டத்துரை, கொழும்பிலிருந்து வார இறுதிக்கு வருபவர், பத்து வயதில் பை தூக்கத் தொடங்கி இன்று அவர்கள் எல்லோரையும்விடச் சுத்தமாக அடிக்கும் கெடி என்று பலர். இவர்கள் அத்தனை பேரையும் ஒரே அளவுகோலில் நிறுத்துவதுதான் பிராந்திய சங்கத்தின் வேலை. அந்த அளவுகோல்தான் ஹேண்டிகேப்: திறமை வேறானவர்கள் சமமாகப் போட்டியிட ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் அடிச் சலுகை. அது பிழைத்தால் கிண்ணமும் விருந்தும் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் பயனில்லை. அதனால் இந்த வழிகாட்டி பதிவேட்டிலிருந்து தொடங்குகிறது.

ஆட்கள்

செயலாளர், பொருளாளர், மூவர் கொண்ட ஹேண்டிகேப் குழு, போட்டிக் குழுத் தலைவர், இளையோர் பொறுப்பாளர். தொடங்குவதற்கு இது போதும். ஹேண்டிகேப் குழுவில் ஒருவராவது கெடிகளோடு நெருங்கிப் பழகுபவராக இருக்க வேண்டும். யார் எப்படி ஆடுகிறார் என்பது, அடிகளை எழுதும் அட்டைக்கு முன்பே அவர்களுக்குத்தான் தெரியும். அனுசரணையாளரைத் தேடும் பொறுப்பை இந்த மூவரில் எவருக்கும் கொடுக்காதீர்கள். பணம் தருபவரின் ஹேண்டிகேப்பை அவரே பார்க்க நேரும்.

ஹேண்டிகேப் பதிவேடு

2020 முதல் நடைமுறையில் இருப்பது உலக ஹேண்டிகேப் முறை. அதில் 2024இல் சில திருத்தங்கள் வந்தன. ஓர் ஆட்டக்காரருக்கு இன்டெக்ஸ் (அவரது திறமையைக் காட்டும் ஹேண்டிகேப் எண்) கிடைக்க அவர் அங்கீகாரம் பெற்ற கழகம் ஒன்றின் அங்கத்தவராக இருக்க வேண்டும். கெடிகளும் தோட்டப் பிள்ளைகளும் முதலில் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். ஆட்டம் இருக்கும், அங்கத்துவம் இருக்காது. எனவே சங்கம் செய்ய வேண்டிய முதல் காரியம், கழகத்தோடும் இலங்கை கொல்ஃப் ஒன்றியத்தோடும் பேசி, குறைந்த கட்டணத்தில் அவர்களுக்கென ஒரு விளையாடும் அங்கத்துவப் பிரிவைத் திறக்கச் செய்வது. இதை விட்டுவிட்டுப் போட்டி நடத்தினால் அவர்கள் வெளியிலேயே நிற்பார்கள்.

அடுத்தது 54 குழிகளுக்கான அட்டைகள். மூன்று முறை 18 குழி ஆடலாம், ஆறு முறை ஒன்பது குழி ஆடலாம், இரண்டையும் கலந்தும் ஆடலாம். கழகம் கெடிகளுக்கு இடம் தரும் நாட்களில் ஒன்பது குழியாக ஆடவைத்தால் ஆறு வாரத்தில் முடிந்துவிடும். ஒவ்வோர் அட்டையிலும் உடன் ஆடிய ஒருவர் மார்க்கராக (அடிகளைக் குறித்துச் சான்றளிப்பவராக) கையொப்பமிட வேண்டும். இன்டெக்ஸ் இன்னும் இல்லாதவருக்கு ஒரு குழியில் கணக்கில் எடுக்கும் உச்சம் பார் கூட்டல் 5.

ஒவ்வொரு சுற்றும் ‘டிஃபரென்ஷியல்’ எனும் எண்ணாக மாற்றப்படும்: 113ஐ ஸ்லோப் ரேட்டிங்கால் (சாதாரண ஆட்டக்காரருக்கு மைதானம் எவ்வளவு கடினம் என்ற எண்) வகுத்து, அதைத் திருத்திய மொத்த அடிகளுக்கும் கோர்ஸ் ரேட்டிங்குக்கும் (தேர்ந்த ஆட்டக்காரருக்கு அங்கே எதிர்பார்க்கப்படும் அடிகள்) உள்ள வித்தியாசத்தால் பெருக்க வேண்டும். அன்று மைதானம் வழக்கத்தைவிடக் கடினமாகவோ இலகுவாகவோ இருந்திருந்தால் அதற்கான திருத்தம் −1 முதல் +3 வரை வரும். பெருக்குவதற்கு முன் அதையும் கழிக்க வேண்டும். உதாரண எண்களாக 92 அடி, கோர்ஸ் ரேட்டிங் 69.4, ஸ்லோப் 121 என்று எடுத்தால், 113 ÷ 121 × 22.6 = 21.1. உங்கள் டீ மேடைக்குரிய (குழிக்கு முதல் அடி அடிக்கும் இடம்) உண்மையான ரேட்டிங்கை அட்டையில் பார்த்தே போடுங்கள். வெள்ளை மேடையில் ஆடிவிட்டு நீல மேடையின் எண்ணைப் போடுவதுதான் பதிவேடுகளில் அதிகம் காணப்படும் பிழை.

மூன்று அட்டை மட்டும் உள்ளவருக்கு, அவற்றில் மிகக் குறைந்த டிஃபரென்ஷியலிலிருந்து 2.0 கழித்தால் இன்டெக்ஸ். 27.3, 24.8, 29.1 என்றால் 22.8. அட்டைகள் கூடக்கூட எடுக்கும் எண்ணிக்கையும் கூடும். இருபது நிறைந்த பின் கடைசி 20இல் சிறந்த 8இன் சராசரி. உச்ச எல்லை 54.0.

இன்டெக்ஸ் உள்ளவருக்குக் குழி ஒன்றுக்கான உச்சம் நெட் டபுள் போகி: பார், கூட்டல் 2, கூட்டல் அந்தக் குழியில் அவருக்குக் கிடைக்கும் அடிகள். பார் 4இல் ஓர் அடி கிடைப்பவர் 11 அடித்தால் ஹேண்டிகேப்புக்கு 7. மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளே முடிவுக்கு அது 11தான். இரண்டையும் குழப்பி, போட்டி அட்டையிலேயே 7 எழுதிக் கொடுத்து வெளியேற்றப்பட்டவர்கள் உண்டு. புதிய ஆட்டக்காரர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிக்கொடுங்கள்.

போட்டிக்கு முன் சிலரது இன்டெக்ஸ் திடீரென ஏறும். முறையிலேயே இதற்கொரு கடிவாளம் இருக்கிறது. கடந்த 365 நாட்களில் எட்டிய மிகக் குறைந்த இன்டெக்ஸிலிருந்து 3.0க்கு மேல் ஏறினால், மேலதிக ஏற்றம் பாதியாகும். 5.0க்கு மேல் ஏறவே முடியாது. மறுபக்கம், ஒரு சுற்றின் டிஃபரென்ஷியல் அப்போதைய இன்டெக்ஸைவிட 7.0 முதல் 9.9 வரை குறைவாக வந்தால் 1.0, பத்தோ அதற்கு மேலோ குறைந்தால் 2.0 தானாகவே வெட்டப்படும். ஆனால் நல்ல சுற்றுகளை ஒருவர் பதியாமலே விட்டால் எந்தச் சூத்திரமும் அதைப் பிடிக்காது. ஹேண்டிகேப் குழு மாதம் ஒருமுறை கூடி, டீ நேரப் பதிவேட்டையும் பதியப்பட்ட அட்டைகளையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்க்க வேண்டும். எட்டுத் தடவை ஆடியவர் மூன்று அட்டை மட்டும் தந்திருந்தால் கேளுங்கள். பணக்காரர், பெரியவர் என்று பார்த்து விட்டுவிட்டால் அடுத்த வருடம் கெடிகள் நுழைவுப் படிவமே வாங்கமாட்டார்கள்.

இன்டெக்ஸ் ஒன்றாக இருந்தாலும் மைதானத்துக்கு மைதானம் அடிகள் மாறும். 18.4 இன்டெக்ஸ் உள்ளவரை எடுத்துக்கொள்வோம். ஸ்லோப் 121, கோர்ஸ் ரேட்டிங் 69.4, பார் 70 என்றால்: 18.4 × 121 ÷ 113 − 0.6 = 19.1. தனிநபர் ஸ்ட்ரோக் பிளேக்கு இதில் 95 வீதம், அதாவது 18. ஸ்லோப் 135, ரேட்டிங் 73.8, பார் 73 உள்ள மைதானத்தில் அதே ஆளுக்கு 22. நுவரெலியாவில் ஒரு நாள், திகணயில் ஒரு நாள் என்று போட்டி வைக்கும்போது முதல் நாள் எண்ணையே இரண்டாம் நாளும் போட்டால் நான்கு அடி அநியாயம் நடக்கும்.

திகதி பிடித்தல்

நுவரெலியாவில் ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. அதேநேரம் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் துகள் உறைபனி விழும். உறைந்த கிரீனில் (குழி இருக்கும், ஒட்ட வெட்டிய புல்தரை) கால் வைத்தால் புல் நசுங்கி, இரண்டு நாளில் பாதத் தடங்கள் கறுத்துத் தெரியும். உருகும்வரை ஒருவரையும் விடக்கூடாது. ஏப்ரல் வசந்த காலத்தைத் தவிர்த்துவிடுங்கள்: அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை தாங்காது, வாகன நெரிசலில் ஆட்டக்காரர் நேரத்துக்கு வந்து சேரவும் மாட்டார். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை. மார்ச் - ஏப்ரலிலும் ஒக்டோபர் - நவம்பரிலும் பிற்பகலில் இடி. ஆக, பெப்ரவரி நடுவிலிருந்து மார்ச் முதல் வாரம் வரைதான் நம்பிக்கையான காலம்.

நாட்காட்டியில் இன்னும் மூன்றைப் பாருங்கள்: போயா தினம், சாதாரண தர மற்றும் உயர் தரப் பரீட்சை, தோட்டத்தில் திருவிழா. கெடிகளில் பாதிப்பேர் தோட்டக் குடும்பங்கள். கோவில் தேருக்கு நாள் குறித்த வாரத்தில் போட்டி வைத்தால் பை தூக்க ஆள் இருக்காது.

தொடக்கப் பட்டியல்

போட்டி நாளில் எழும் முறைப்பாடுகளில் பெரும்பகுதி இங்கே பிறக்கிறது. 72 பேர், மூவர் மூவராக 24 குழு. ஒரே மேடையிலிருந்து 10 நிமிட இடைவெளியில் அனுப்பினால் முதல் குழு காலை 6.30, கடைசிக் குழு 10.20. சுற்றுக்கு நாலரை மணி நேரம் என்றால் பிற்பகல் 2.50க்கு முடியும். மலையகத்தில் அந்த நேரத்தில் மைதானத்தில் நிற்பது இடியை அழைப்பதற்குச் சமம்.

அதனால் 1ஆம், 10ஆம் மேடைகள் இரண்டிலிருந்தும் தொடங்குங்கள். மேடைக்கு 12 குழு. கடைசிக் குழு 8.20க்குப் புறப்படும், 12.50க்கு எல்லோரும் உள்ளே. இதிலும் ஓர் எல்லை உண்டு. முதல் குழு ஒன்பது குழி முடித்து மற்ற மேடைக்கு வரும் நேரம் ஏறக்குறைய 8.45. அதற்குள் அந்த மேடை காலியாகியிருக்க வேண்டும். மேடைக்கு 13 குழு வரை, அதாவது மொத்தம் 78 பேர் வரை தாங்கும். 96 பேரை ஏற்றால் கடைசிக் குழு 9.00 மணிக்குத்தான் புறப்படும். திரும்பி வருபவர்களும் புறப்படுபவர்களும் ஒரே இடத்தில் நிற்பார்கள். நுழைவுக் கட்டணம் கூடுகிறதே என்று இந்த எல்லையைத் தாண்டாதீர்கள்.

இடைவெளியை 8 நிமிடமாகக் குறைத்தால் நேரம் மிச்சம் என்று தோன்றும். ஆனால் நீளமான பார் 3 குழியை முடிக்க ஒரு குழுவுக்கு 10 நிமிடம் ஆகிறது என்றால், ஒவ்வொரு குழுவுக்கும் 2 நிமிடக் காத்திருப்பு சேர்ந்துகொண்டே போகும். பன்னிரண்டாவது குழு அந்த மேடையில் 22 நிமிடம் நிற்கும். மெதுவாக ஆடினார்கள் என்று அவர்களைக் குறைசொல்வது தவறு. உங்கள் பட்டியல்தான் அவர்களை நிறுத்தியது.

உறைபனி, மூடுபனிக்காக முதல் நாளே இரண்டாவது பட்டியலையும் தயாராக வையுங்கள்: எல்லா நேரமும் ஒரு மணி நேரம் பின்தள்ளியது. காலையில் கையால் திருத்திய நேரங்கள் யாருக்கும் சரியாகப் போய்ச் சேராது. குறித்த நேரத்துக்கு ஐந்து நிமிடத்துக்குள் தாமதித்து வருபவருக்கு இரண்டு அடி தண்டம், அதற்கும் மேல் என்றால் நீக்கம். றம்பொடைப் பக்கம் பனியில் மாட்டிக்கொண்டேன் என்பது விதிவிலக்குக்குப் போதுமான காரணம் ஆகாது. தூரத்திலிருந்து வருபவர்கள் முதல் நாள் இரவே தங்க வேண்டும் என்று படிவத்தில் தெளிவாக எழுதிவிடுங்கள்.

நிபந்தனைத் தாள்

ஒரே பக்கம். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும். ஆங்கிலத்தில் மட்டும் ஒட்டப்படும் தாளைப் பலர் வாசிப்பதே இல்லை. பிறகு தெரியாமல் செய்த பிழைக்குத் தண்டம் வாங்குகிறார்கள். அதில் இருக்க வேண்டியவை: ஆட்ட முறை, ஹேண்டிகேப் வீதம், எல்லைகள் எங்கே, சமநிலை வந்தால் என்ன, அட்டை எப்போது ‘ஒப்படைக்கப்பட்டது’ ஆகிறது.

சமநிலையைப் பற்றி ஒரு சொல் கூடுதலாக. கடைசி 9, 6, 3, 1 குழிகள் என்று பார்த்து முடிவு செய்வதானால், இரண்டு மேடைத் தொடக்கத்தில் ‘கடைசி 9’ என்பது 10 முதல் 18 வரை என்று எழுதிவையுங்கள். எழுதாவிட்டால் 10இல் தொடங்கியவர் தன் கடைசி ஒன்பது வேறு என்று வாதாடுவார், அவர் வாதத்திலும் நியாயம் இருக்கும். ஹேண்டிகேப் இல்லாத பிரதான பட்டத்துக்குக் குழிக்குக் குழி மேலதிக ஆட்டமே அழகு.

மழைக்குப் பின் பந்தில் சேறு ஒட்டும். ஃபெயார்வேயில் பந்தைத் துடைத்து, குழிக்கு அருகாகாமல் ஓர் அட்டை நீளத்துக்குள் வைக்கலாம் என்ற உள்ளூர் விதியை இந்த மண்ணுக்கு எப்போதும் தயாராக வைத்திருங்கள். நடைமுறைக்கு வருகிறதா இல்லையா என்பதைக் காலையில் அறிவியுங்கள். சுற்று நடுவில் மாற்றாதீர்கள்.

மைதானத்தில்

முதல் நாள் மாலை இருவர் சுற்றி வர வேண்டும். ஒருவர் எல்லைக் கம்புகள் பார்ப்பார்: மைதானத்துக்கு வெளியே வெள்ளை, தண்டப் பகுதிக்கு மஞ்சள் அல்லது சிவப்பு. கம்புக்குக் கம்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். மற்றவர் வெள்ளைத் தெளிப்பு வர்ணத்தோடு போவார். இரவில் காட்டுப்பன்றி கிளறிய இடம், ஓடை அரித்த இடம், வேலை நடக்கும் இடம் எல்லாவற்றையும் பழுதுபார்க்கும் நிலமாக வட்டமிடுவார். பன்றி விடியும் முன்னும் வரும், ஆகவே அதிகாலையில் இன்னொரு சுற்று தேவை.

குழி வெட்டும்போது கிரீனின் ஓரத்திலிருந்து குறைந்தது நான்கு அடிவைப்பு உள்ளே. குழியைச் சுற்றி இரண்டு மூன்று அடி தூரத்துக்குச் சரிவு ஒரே சீராக இருக்க வேண்டும். விட்டம் 108 மில்லிமீற்றர், ஆழம் குறைந்தது 101.6. உள்ளே வைக்கும் கிண்ணம் மேற்பரப்பிலிருந்து 25.4 மில்லிமீற்றராவது தாழ வேண்டும். பதினெட்டுக் குழி இடங்களில் ஆறு இலகு, ஆறு நடுத்தரம், ஆறு கடினம். நுவரெலியாவுக்கு ஒரு கூடுதல் நிபந்தனை: கிரீனின் தாழ்ந்த மூலையில் வெட்டவே கூடாது. ஒரு மழையில் குழியைச் சுற்றித் தண்ணீர் தேங்கினால் ஆட்டத்தையே நிறுத்த வேண்டிவரும்.

இடி, குளவி

ஆபத்தான நிலையில் உடனடி நிறுத்தத்துக்கு ஒரு நீண்ட ஊதல். சாதாரண நிறுத்தத்துக்கு மூன்று தொடர் ஊதல். மீண்டும் தொடங்க இரண்டு குறுகிய ஊதல். நீண்ட ஊதல் கேட்டதும் பந்தை அடிக்காமல் அப்படியே நிறுத்த வேண்டும், அடித்தால் நீக்கம். வாகன ஹோனை நம்பாதீர்கள். மரக்கூட்டமும் நகரச் சத்தமும் அதை விழுங்கிவிடும், போதாததற்கு வீதியில் எல்லா பஸ்ஸும் ஹோன் அடிக்கும். வாயு ஹோன் இரண்டு, வோக்கி டோக்கி நான்கு வாங்கி, மைதானத்தின் இரு முனையிலும் முதல் நாளே சோதித்துப் பாருங்கள்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுங்கள். 30 விநாடி என்றால் ஏறக்குறைய 10 கிலோமீற்றர். அதற்குள் வந்தால் ஊதிவிடுங்கள். கடைசி இடி முழங்கி 30 நிமிடம் ஆகும்வரை யாரையும் வெளியே விடாதீர்கள். மரத்தடிக்கு ஓடும் பழக்கத்தைக் கெடிகளுக்கும் பிள்ளைகளுக்கும் முன்கூட்டியே கண்டித்துச் சொல்லுங்கள். தொலைவிலுள்ள குழிகளுக்கு ஒரு வேன் தயாராக நிற்கட்டும். மழைக்காலத்தில் போட்டி என்றால் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்போடு, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். மைதானம் பாதுகாப்பாக இருந்தாலும் வரும் வீதி பாதுகாப்பாக இராது.

தேயிலை மலையில் வேலை செய்பவர்களுக்குக் குளவி என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. போட்டிக்கு ஒரு வாரம் முன்பே உயரமான மரங்களில் கூடு பார்த்து, இருந்தால் அப்பகுதியை அடையாளமிட்டு மூடுங்கள். பந்து கூட்டுக்கு அருகே போனால் ஆபத்தான விலங்கு நிலை என்ற விதியின்படி தண்டமின்றி விலகி ஆடலாம். இதைத் தாளில் எழுதிவையுங்கள். ஓர் அடிக்காக யாரும் கூட்டுக்குக் கீழே போகக்கூடாது. 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் எந்த வாயிலால் வரும் என்பதையும் ஒருவர் பொறுப்பில் கொடுங்கள்.

அட்டை அறை

அமைதியான அறை, இரண்டு மேசை, கதவில் ஒருவர். ஒவ்வொரு குழியின் எண்ணுக்கும் ஆட்டக்காரர் பொறுப்பு. கூட்டலும் ஹேண்டிகேப் கழித்தலும் குழுவின் பொறுப்பு. 2023 விதிகளுக்குப் பின் ஹேண்டிகேப்பை ஆட்டக்காரர் எழுதத் தேவையில்லை. குழியில் உண்மையைவிடக் குறைவாக எழுதிக் கொடுத்தால் நீக்கம், கூடுதலாக எழுதினால் கூடுதலாகவே நிற்கும். ஆகவே உள்ளே வருபவரிடம் குழிக்குக் குழி உரக்க வாசித்து, மார்க்கரின் எண்ணோடு ஒப்பிட்டு, இருவரும் கையொப்பமிட்ட பிறகே வாங்குங்கள். அறையை விட்டு இரண்டு காலும் வெளியே போன பின்தான் ஒப்படைப்பு முடிந்தது என்று வைத்துக்கொண்டால் சிறிய பிழைகளை அங்கேயே திருத்தலாம். பிள்ளைகளின் அட்டையை அவசரப்படுத்தாதீர்கள். பயத்தில் தலையாட்டிவிடுவார்கள்.

அட்டைகளை அன்றே, நள்ளிரவுக்கு முன், ஹேண்டிகேப் முறையில் பதியுங்கள். அன்றைய நிலைமைத் திருத்தம் அப்போதுதான் சரியாகக் கணக்கிடப்படும். அதற்குக் குறைந்தது எட்டு அட்டை வேண்டும்.

பரிசும் அமெச்சூர் தகுதியும்

2022இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி அமெச்சூர் ஒருவர் பெறும் பரிசின் எல்லை 700 பவுண் அல்லது 1,000 அமெரிக்க டொலர். ஹேண்டிகேப் போட்டியில் காசாகக் கொடுக்கவே கூடாது. ஹேண்டிகேப் இல்லாத போட்டியில் மட்டும் அந்த எல்லைக்குள் காசும் தரலாம். அனுசரணையாளர் பெரிய தொலைக்காட்சியோ மோட்டார் சைக்கிளோ தருகிறேன் என்றால் முதலில் அதன் விலையைக் கேளுங்கள். தகுதி போவது பரிசை வாங்கும் பிள்ளைக்குத்தான்.

கூலிக்குப் பை தூக்குவதால் அமெச்சூர் தகுதி போகாது. கூலி வாங்கி ஆட்டம் கற்பித்தால்தான் சிக்கல், அதிலும் சில விலக்குகள் உண்டு. அனுசரணை பெறவும் இப்போது தடையில்லை. தோட்டத்துப் பிள்ளை ஒருவருக்குச் சப்பாத்து, பஸ் செலவு, கொழும்புப் போட்டியின் நுழைவுக் கட்டணம் எல்லாவற்றையும் ஒரு கடைக்காரர் வெளிப்படையாகவே ஏற்கலாம். இது தெரியாததால் உதவி கேட்கக் கூசுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்தியத் தொழில்முறைச் சுற்றில் ஆடும் தங்கராஜா, பிரபாகரன் போன்ற இலங்கைப் பெயர்களைத் தோட்டப் பாடசாலைகளில் சொல்லுங்கள்.

பிள்ளைகள்

பன்னிரண்டு பேர் கொண்ட குழுவுக்கு சிறுவர் அளவில் ஏழாம் எண் இரும்பு மட்டை ஆறு, பட்டர் (கிரீனில் பந்தை உருட்டும் மட்டை) ஆறு, மென்மையான பயிற்சிப் பந்து அறுபது போதும். பெரியவரின் மட்டையை வெட்டிக் கொடுக்காதீர்கள். தலை பாரமாகவும் தண்டு விறைப்பாகவும் இருப்பதால் பிள்ளை உடம்பை வளைத்துத் தூக்கியடிக்கப் பழகும், பிறகு அதை மாற்றுவது கடினம். ஒரே நேர்கோட்டில், ஆளுக்கு ஆள் மூன்று மீற்றர் இடைவெளியில் நிறுத்துங்கள். விசில் ஊதும்வரை பந்து பொறுக்க யாரும் முன்னே போகக்கூடாது. பெற்றோரின் எழுத்துச் சம்மதம், பெரியவர் இருவர், திரும்பிச் செல்லக் கடைசி பஸ்ஸுக்கு முன் முடித்தல். இவை மூன்றும் இல்லாத நாளில் பயிற்சி வேண்டாம்.

கணக்கு முடித்தல்

நுழைவுக் கட்டணத்தை மைதானக் கட்டணம், கெடி கூலி, சாப்பாடு, பரிசு, அவசர ஒதுக்கு என்று ஐந்தாகப் பிரித்து முன்பே எழுதுங்கள். மழையால் ஒரு சுற்று ரத்தானால் எவ்வளவு திருப்பித் தரப்படும் என்பதும் படிவத்தில் இருக்க வேண்டும். கெடிகளின் கூலியை ஒவ்வொரு நாளும் ஆட்டம் முடிந்ததும் கைச்சாத்து வாங்கிக் கொடுத்துவிடுங்கள், இடியால் பாதியில் நின்ற நாளிலும் முழுக் கூலி. பரிசளிப்பு முடியட்டும் என்று அவர்களைக் காக்கவைத்தால் தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ் போய்விடும்.